கொட்டகைக்கு வெள்ளையடித்த ஞாயிற்றுக்கிழமை

எழுபதுகளின் கடைசியில் டயகமப் பக்கம் ஒரு தோட்டத்தின் மேல்பிரிவுப் பள்ளிக்கூடத்துக்கு என்னை ஆசிரியையாகப் போட்டார்கள். நியமனக் கடிதத்தில் பள்ளிக்கூடம் என்றுதான் இருந்தது. போய்ப் பார்த்தால் ஒரு கொட்டகை. எட்டு மரத்தூண், மேலே தகரம், இடுப்பளவுக்கு மண்சுவர், மண் தரை. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை எல்லாப் பிள்ளைகளும் அதற்குள்தான். அத்தனை பேருக்கும் ஆசிரியை நான் ஒருத்தி. கல்விக் கந்தோரின் அலுவலகக் காகிதங்களில் அதற்குத் 'தற்காலிகக் கட்டடம்' என்று பெயர். நான் போவதற்கு முன்பே அது பல வருஷங்களாகத் தற்காலிகமாக இருந்துவிட்டது. அதைக் கட்டியபோது முதல் வகுப்பில் உட்கார்ந்தவர்களின் பிள்ளைகள் என்னிடம் அ, ஆ எழுதிக்கொண்டிருந்தார்கள்.

வைகாசி கடைசியில் மழை பிடித்தால் ஆவணிவரை விடாது. தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் நான் கத்துவது முன்வரிசைக்கே கேட்காது. முதல் வருஷம் தொண்டை கட்டும்வரை கத்திப் பார்த்தேன். அப்புறம் விட்டுவிட்டேன். மழை பிடித்தால் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். பிள்ளைகள் சிலேட்டில் எழுதித் தூக்கிக் காட்டுவார்கள். நான் சரி என்று தலையாட்டுவேன், அல்லது தப்பு என்று விரலை ஆட்டுவேன். எங்கெங்கே ஒழுகும் என்பது வாய்ப்பாட்டைவிட அவர்களுக்கு நன்றாக மனப்பாடம். மூன்றாம் வகுப்பு இருக்கிற இடத்தில் ஒழுக்கு ஆரம்பித்தால் யாரும் சொல்லாமலே பிள்ளைகள் சாக்கைச் சுருட்டிக்கொண்டு ஐந்தாம் வகுப்போடு ஒட்டிக்கொள்வார்கள். சில நாட்கள் காலை எட்டு மணியிலிருந்து பகல் ஒன்றரைவரை ஒரு வார்த்தை பேசாமல் பள்ளிக்கூடம் நடத்தியிருக்கிறேன். முடிந்து அறைக்குப் போனால் அங்கேயும் பேச ஆள் கிடையாது.

அறை என்பது தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் பின்னால் இருந்த ஒற்றைக் காம்பிரா. அப்பா, அம்மா, தம்பி மூவரும் நான் அங்கே வருவதற்கு முந்தின வருஷமே இந்தியா போய்விட்டார்கள். இலங்கை, இந்தியா இரண்டு நாட்டு அரசாங்கங்களும் எங்கள் ஆட்களைத் தலைக்கணக்கில் பங்கு பிரித்துக்கொண்டிருந்த காலம் அது. அப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். நான் இங்கேயே இருக்க எழுதிக் கொடுத்து, எனக்குப் பிரஜாவுரிமை கிடைத்து, அதன்மேல் உத்தியோகமும் கிடைத்துவிட்டது. ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் நகரும்போது அம்மா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "ஒரு வருசத்துல நீயும் வந்துருவ" என்றாள். அரசாங்க உத்தியோகத்தை உதறிவிட்டு எவள் போவாள்? நான் போகவில்லை. திருச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மாதம் ஒரு கடிதம் வரும். அங்கே வெயில் தாங்கவில்லை என்று அம்மா எழுதுவாள். இங்கே குளிர் தாங்கவில்லை என்று நான் எழுதுவேன். வேறென்ன எழுதுவது என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

தோட்டத்தில் எனக்கு மரியாதைக்குக் குறைவில்லை. அந்த மரியாதைதான் என்னைத் தின்றது. பீலிக்கரையில் பெண்கள் தண்ணீர் பிடித்தபடி ஒருத்தியை ஒருத்தி கேலி பண்ணிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் குடத்தோடு போனால் சிரிப்பு நின்றுவிடும். "டீச்சர் வர்றாங்க, வழிய விடுங்கடி" என்று ஒதுங்கி நிற்பார்கள். நான் பிடித்துக்கொண்டு திரும்பி, வளைவு தாண்டியதும் மறுபடி சிரிப்புக் கேட்கும். பங்களாப் பக்கம் இருந்த உத்தியோகத்தர் வீடுகளிலோ நான் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள் என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே கூப்பிட்டு வாசலில் உட்கார வைப்பார்கள், ஆனால் உள்ளே கூப்பிட மாட்டார்கள். ஆக, அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. அழுகை வரும். அழுதால் கேட்கவும் யாருமில்லை என்று நினைக்கும்போது அழுகையும் நின்றுவிடும்.

அதனால்தான் எனக்கு இரண்டாவது ஆசிரியை ஒருத்தி வேண்டியிருந்தாள். பிள்ளைகளுக்காகவும்தான். ஆனால் முதலில் எனக்காக. அதை இப்போதாவது ஒத்துக்கொள்கிறேன்.

நுவரெலியாக் கந்தோரில் போய்க் கேட்டேன். அங்கிருந்த கிளார்க் சிங்களவர், நல்ல மனிதர். கோப்பைப் புரட்டாமலே பதில் சொன்னார். தற்காலிகக் கட்டடத்துக்கு ஒரே ஓர் ஆசிரியர்தான். இரண்டு வகுப்பறையோடு நிரந்தரக் கட்டடம் இருந்தால் இரண்டாவது ஆசிரியரும் வருவார், ஆறாம் வகுப்பும் கிடைக்கும். அப்படியானால் நிரந்தரக் கட்டடம் எப்போது கிடைக்கும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, உங்கள் ஆட்களில் பாதிப்பேர் இந்தியா போகிறார்கள், யார் இருப்பார்கள் யார் போவார்கள் என்று தெரியாத இடத்தில் எப்படி நிரந்தரமாகக் கட்டுவது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வது போலச் சொன்னார். எனக்குத்தான் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. போகிறவர்களின் பிள்ளைகள் நனைந்தால் பரவாயில்லையா என்று கேட்கத் தோன்றியது, பஸ்ஸில் பாதி தூரம் வந்த பிறகு.

ஆனால் தற்காலிகத்துக்கு மட்டும் பணம் வந்துகொண்டே இருந்தது. வருஷக் கடைசியில், செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும் என்ற அவசரத்தில், கொஞ்சம் தகரமும் ஆணியும் தூணுக்கு மரமும் வாங்க ஒதுக்கீடு வரும். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நான் கையெழுத்துப் போடுவேன். அடுத்த வைகாசியில் புதுத் தகரம் பழைய தகரத்தோடு சேர்ந்து ஒழுகும். அத்தனை வருஷத்துத் தகரத்தையும் ஆணியையும் ஒன்றாகச் சேர்த்திருந்தால் ஒரு கல் கட்டடமே எழும்பியிருக்கும் என்று கொட்டகைக்குள் நனைகிற எந்தப் பிள்ளைக்கும் தெரியும். அதைக் காகிதத்தில் எழுதிக் காட்டத்தான் யாருக்கும் தெரியவில்லை.

வராத அந்த டீச்சரை நான் மனதுக்குள்ளேயே வளர்த்துவிட்டேன். கொஞ்சம் வாயாடி. பதுளைப் பக்கத்துக்காரி. அடுப்பு பற்றவைக்கத் தெரியாது, நான்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். சமைத்துக்கொண்டிருக்கும்போது சில நேரம் அவளிடம் ஒன்றிரண்டு வார்த்தை வாய்விட்டே பேசியிருக்கிறேன். பைத்தியம் பிடித்துவிடுமோ என்று பயந்து, அந்த நாட்களில் பைபிளை எடுத்துச் சத்தமாக வாசிப்பேன்.

கட்டடத்துக்காகக் காத்திருந்த இன்னொருத்தியும் உண்டு. ஐந்தாம் வகுப்புக்கு வரவிருந்த ஒரு பெண்பிள்ளையின் தாய். கொழுந்து எடுப்பவள். பேச்சுக் குறைவு, ஆனால் பிடிவாதக்காரி. மகள் கணக்கில் கெட்டி. ஐந்தாம் வகுப்போடு நிறுத்த அவளுக்கு மனமில்லை. ஆறாம் வகுப்பு டவுனில்தான் இருந்தது. ஏழு மைல், பஸ் நினைத்தால் வரும். பெண்பிள்ளையைத் தனியாக அனுப்ப முடியாது. மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டுக் கொட்டகையைத் தாண்டிப் போகும்போது நின்று, "ஆறாம் வகுப்பு வருமா டீச்சர்?" என்று கேட்பாள். தோட்டத்தில் என்னிடம் தானாக வந்து பேசிய ஒரே பெண் அவள்தான். "கட்டடம் வந்தா வரும்" என்பேன். "அப்ப கட்டடம் வரட்டும்" என்று இடுப்பில் படங்குச் சாக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு போவாள்.

மூன்றாவது வருஷம், தை மாதம், கந்தோரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வெளிநாட்டு உதவியோடு தோட்டப் பள்ளிக்கூடங்களுக்கு நிரந்தரக் கட்டடம் கட்டப் போகிறார்கள். எங்கள் வட்டாரத்தில் மூன்று பள்ளிக்கூடங்களை அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்ப்பார். நிலைமை எங்கே மிக மோசமோ அங்கே முதலில் கட்டுவார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எங்களிடம் வருவார்.

கடிதத்தை நாலு தடவை வாசித்தேன். மோசத்தில் எங்களை யார் மிஞ்ச முடியும்? மழைக் காற்றில் இரண்டு தகரம் பிய்ந்துபோய், வானம் தெரிந்துகொண்டிருந்தது. மேற்குப் பக்கத் தூண் ஒன்று சாய்ந்து, அதற்கு முட்டுக் கொடுத்திருந்தோம். தரையில் ஒழுக்கு விழுந்து விழுந்து வாளி வைக்கிற அளவுக்குப் பள்ளம்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் தோட்டத் தலைவரைப் பார்த்துச் சொன்னேன். தலைவர் என்றால் சங்கத் தலைவர், ஐம்பது வயது, காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் துரைக்கு முன்னால் நிமிர்ந்து நின்று பேசுகிற ஆள், சிங்களமும் தெரிந்தவர்.

"திங்கக்கிழம கந்தோர்லேருந்து பெரிய ஐயா ஒருத்தர் வர்றாரு தலைவர். நம்ம ஸ்கூலப் பாக்க. அவருக்குத் திருப்தின்னா கட்டடம் குடுப்பாங்க."

"நீங்க கவலப்படாதீங்க டீச்சர். நாங்க பாத்துக்கிறோம்" என்றார்.

திருப்தி என்ற வார்த்தையை நான் ஏன் சொன்னேன் என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். மோசமாக இருந்தால்தான் கிடைக்கும் என்று நேராகச் சொல்லியிருக்க வேண்டும். அது சொல்லாமலே எல்லோருக்கும் தெரிகிற விஷயம் என்று நினைத்துவிட்டேன். நானும் லயத்தில் பிறந்தவள்தான், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை என்னோடு படித்த ஒருத்திக்கு ஹட்டனில் கல்யாணம். போயிருந்தேன். என்னை வயதான பெண்கள் வரிசையில் உட்கார வைத்தார்கள். ஒவ்வொருத்தியும் எனக்கு எப்போது என்று கேட்டாள். ஞாயிறும் அங்கேயே தங்கி, திங்கட்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து, இறங்கி, இரண்டு மைல் ஏறி எட்டு மணிக்குத் தோட்டத்துக்கு வந்தேன்.

கொட்டகை வெள்ளையாக நின்றது.

வளைவில் நின்று பார்த்தேன். மண்சுவர் முழுக்கச் சுண்ணாம்பு. பிய்ந்த இடத்தில் புதுத் தகரம், ஆணி அடித்த ஓட்டைகளுக்கெல்லாம் தார். சாய்ந்த தூணை எடுத்துவிட்டுப் பச்சை மரத்தில் புதுத் தூண் நட்டிருந்தார்கள். பள்ளங்களை அடைத்துத் தரை முழுக்கச் சாணி மெழுகியிருந்தது. வாசலில் வாழைமரமும் தோரணமும். கோயிலிலிருந்து உட்கார இரண்டு வாங்கு தூக்கி வந்து போட்டிருந்தார்கள். பிள்ளைகள் எல்லோரும் தலைக்கு எண்ணெய் வழிய வழியத் தேய்த்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

தோட்டங்களில் இது ஒரு பழக்கம். பெரிய துரை வருகிறார், கம்பெனி ஆட்கள் வருகிறார்கள் என்றால், ரோட்டிலிருந்து தெரிகிற லயங்களுக்கு வெள்ளையடிப்பார்கள், சாக்கடைக் கான்களைத் தேய்த்துக் கழுவுவார்கள், பிள்ளைகளைக் குளிப்பாட்டி நிறுத்துவார்கள். வருகிறவர் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார். தலையாட்டினால் அந்த மாதம் யாருக்கும் ஏச்சு விழாது. மூன்று தலைமுறையாக எங்கள் ஆட்களுக்குப் பெரிய ஆள் வருவது என்றால் அதுதான் அர்த்தம். கிழிசலைக் காட்டிக் கேட்டுப் பெறலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. நானும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க, ஒருத்தர் மிச்சமில்லாமல் வேலை செய்திருக்கிறார்கள். தகரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவரவர் லயத்துக் கோடிகளிலிருந்து, ஆட்டுக்கொட்டில், விறகுக்கொட்டில்களிலிருந்து கழற்றி வந்ததாம். தலைவரின் விரல்களில் தார் இன்னும் போகவில்லை. "எப்படி டீச்சர்?" என்றார்.

அந்த நேரத்தில் எனக்குள் நடந்ததைச் சரியாகச் சொல்ல வேண்டும். பார்த்த அடுத்த நொடியே கட்டடம் போய்விட்டது என்று எனக்குப் புரிந்தது. இரண்டு மணி நேரம் இருந்தது. தலைவரைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, நாலு தகரத்தையாவது கழற்றச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்தத் தாய் வந்து என் கையில் ஒரு பித்தளைத் தம்ளரைக் கொடுத்தாள். சுடச்சுட இஞ்சித் தேத்தண்ணி. "குளிர்ல ஏறி வந்திருக்கீங்க, குடிங்க டீச்சர்" என்றாள். இன்னொருத்தி, "ஒங்க மேசைக்கு நான்தான் துணி தச்சேன், பாத்தீங்களா?" என்றாள். பீலிக்கரையில் எனக்கு வழிவிட்டு ஒதுங்குகிற அதே பெண்கள் என்னைச் சுற்றி நின்று, ஒருத்தி வெள்ளையடிக்கிறேன் என்று தன் தலைக்கே அடித்துக்கொண்ட கதையை எனக்கு முன்னாலேயே சொல்லிச் சிரித்தார்கள். சிரிப்பு நிற்கவில்லை. நானும் சிரித்தேன். மூன்று வருஷத்தில் முதல் தடவை. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் சந்தோஷத்தைக் கெடுக்க என்று சொன்னால் நன்றாக இருக்கும், ஆனால் பொய்யாகிவிடும். என் சந்தோஷத்தைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. தேத்தண்ணியைக் குடித்தேன்.

அதிகாரி பத்தரைக்கு வந்தார். மாலை போட்டார்கள். பிள்ளைகள் பாடினார்கள். அவர் கொட்டகையைச் சுற்றி நடந்தார், தூணைத் தட்டிப் பார்த்தார், மேலே பார்த்தார். "ஹொந்தாய், ஹொந்தாய்" என்றார். நல்லது, நல்லது என்று ஒவ்வொரு தடவை அவர் சொன்னபோதும் சனம் பூரித்தது. யார் செய்தது என்று கேட்டார். நாங்களேதான் செய்தோம் என்று தலைவர் சிங்களத்தில் சொன்னார். அதிகாரிக்கு உண்மையாகவே ஆச்சரியம். இப்படி ஒற்றுமையான சனத்தை எங்கேயும் பார்த்ததில்லை என்றார்.

போகும்முன் என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, சிங்களத்தில் கேட்டார். மழைக்கு ஒழுகுமா?

மெதுவாகத்தான் கேட்டார். பக்கத்தில் தலைவர் மட்டும் நின்றார். பின்னால் நின்ற பெண்களுக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் பாதிதான் புரிந்திருக்கும். ஒழுகும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஐயா, இது நேற்று அடித்த சுண்ணாம்பு, மழைக்காலத்தில் வந்து பாருங்கள் என்று சொல்ல எனக்குப் போதுமான சிங்களம் தெரியும்.

"இப்போது ஒழுகுவதில்லை" என்றேன்.

அந்த 'இப்போது' என்பதை அவர் கவனிப்பார் என்று நம்பினேன். அவர் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். ஜீப் இறங்கிப் போனது. பிள்ளைகள் அதன் பின்னால் வளைவுவரை ஓடினார்கள்.

பங்குனியில் கடிதம் வந்தது. எங்கள் தற்காலிகக் கட்டடம் திருப்திகரமான நிலையில் இருப்பதாலும், பெற்றோரின் ஒத்துழைப்புச் சிறப்பாக இருப்பதாலும், வருடாந்தத் திருத்த வேலைக்கான ஒதுக்கீடு தொடரும் என்று இருந்தது. பாராட்டும் தெரிவித்திருந்தார்கள். கட்டடம் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனது. அங்கே இருந்த மாஸ்டர் கெட்டிக்காரர். காற்றில் விழுந்த தகரத்தை எடுக்காமலே விட்டு, அதிகாரி வந்த நாளில் பிள்ளைகளை மரத்தடியில் உட்கார வைத்திருந்தாராம்.

தலைவரிடம் கடிதத்தைக் காட்டவில்லை. "இந்தத் தடவ நமக்குக் கெடைக்கல" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ஏன் என்று கேட்பார் என்று பயந்துகொண்டே நின்றேன். கேட்கவில்லை.

வைகாசியில் மழை பிடித்தது. தார் உரிந்தது, சுண்ணாம்பு கரைந்து பிள்ளைகளின் உடுப்பெல்லாம் வெள்ளை. மறுபடி சிலேட்டு, மறுபடி தலையாட்டல். முன்பெல்லாம் அறைக்கு வெளியே யாராவது ஒரு கட்டுக் கீரையோ, நாலு உருளைக்கிழங்கோ வைத்துவிட்டுப் போவார்கள். அது குறைந்து நின்றுபோனது. பீலிக்கரையில் இப்போது என்னைக் கண்டால் சிரிப்பு நிற்பது மட்டுமல்ல, முகத்தையும் திருப்பிக்கொண்டார்கள். கோபம் என்று நினைத்தேன். கோபப்பட அவர்களுக்கு உரிமை உண்டு என்றும் நினைத்தேன். ஆடி மாதத் திருவிழாவுக்குக் கூப்பிட்டபோது தலைவலி என்று சொல்லிப் போகாமல் இருந்தேன். அடுத்த வருஷம் கூப்பிடவில்லை.

கணக்கில் கெட்டியான அந்தப் பிள்ளையை ஐந்தாம் வகுப்பிலேயே இரண்டாவது வருஷமும் வைத்துக்கொண்டேன். பதிவேட்டில் காரணம் எழுதவில்லை. அவளுக்குச் சொல்லிக் கொடுக்க என்னிடம் புதிதாக எதுவும் இல்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவள் எண் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு கட்டடக் கடிதம் வரும் என்று நானும் அவளும் பார்த்துக்கொண்டே இருந்தோம். இரண்டாவது வருஷம் முடிந்ததும் தாய் வந்து, "தோட்டத்து வேலைக்குப் பேர் பதிய இன்னும் வயசு காணாது டீச்சர். அதுவரைக்கும் சின்னதுகளப் பாத்துக்கிட்டு வீட்டுல இருக்கட்டும்" என்றாள். அதன் பிறகு அவள் கொட்டகையருகே நிற்பதில்லை. வேறு பாதையில் போனாள். ஒரு நாள் மகளும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே போவதைப் பார்த்தேன். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வெள்ளையடித்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு வருஷம் கழித்துக் கட்டடம் வந்தது. எந்த அதிகாரியும் அதைப் பார்த்துக் கொடுக்கவில்லை. திட்டத்தில் எங்கள் முறை வந்தது, அவ்வளவுதான். இரண்டு வகுப்பறை, சிமெந்துத் தரை, கதவு, பூட்டு. இரண்டாவது ஆசிரியரும் வந்தார். ஹட்டனிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, ஒன்றரை மணி அடித்ததும் திரும்பிப் போகிற மாஸ்டர். நல்லவர்தான். மழையைப் பற்றியும் சம்பளத் தேதியைப் பற்றியும் பேசுவார். பதுளைக்காரியைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை.

ஆறாம் வகுப்புக்குப் பெயர் எழுதிய முதல் நாள் அந்தத் தாய் வந்தாள். கூடவே இளைய மகள். மூத்தவள் இப்போது தாய்க்குச் சமமாகக் கொழுந்து எடுக்கிறாள் என்றாள். உள்ளே கூப்பிட்டேன். புதுச் சிமெந்துத் தரையைப் பார்த்து, வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். சுவரைக் கையால் தடவினாள்.

"மழைக்கு ஒழுகாதுல்ல டீச்சர்?"

"ஒழுகாது" என்றேன்.

சந்தைவிலை சொல்கிற குரலில் சொன்னாள்: "அன்னைக்கி அந்த ஐயா கேட்டப்பவே ஒழுகும்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் டீச்சர்."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"தலைவரு பக்கத்துலதான நின்னாரு? அந்த வாரமே லயத்துல எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. சுத்தம் பண்ணினதாலதான் கட்டடம் வரலன்னு அப்புறம் சங்கத்துக் கந்தோர்லயும் சொன்னாங்களாம். எங்களுக்கு ஒரே வெக்கமாப் போச்சு. ஒங்க கட்டடத்த நாங்களே கெடுத்துட்டு ஒங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது? அதான் யாரும் வரல."

"என் மேல கோவம் இல்லையா?"

"ஒங்க மேல எதுக்கு? தலைவரு அப்பவே சொல்லிட்டாரு. பாடுபட்டு செஞ்ச சனத்தோட மனசு நோகக்கூடாதுன்னுதான் அந்த டீச்சர் புள்ள சொல்லாம விட்டுருச்சு, அத யாரும் ஒண்ணும் கேக்காதீங்கன்னாரு." மகளின் தலையைத் தடவிக்கொண்டே தொடர்ந்தாள். "ஆனா நீங்க சொல்லியிருந்தாலும் நாங்க கோவிச்சிருக்க மாட்டோம் டீச்சர். அன்னைக்கே நாங்களே தகரத்தக் கழட்டிப் போட்டிருப்போம்."

நாலு வருஷம். கோபத்தில் ஒதுங்குகிறார்கள் என்று நான் ஒளிந்துகொண்டிருந்தேன். வெட்கத்தில் அவர்கள் ஒளிந்துகொண்டிருந்தார்கள். அது போதாதென்று, எனக்கு இல்லாத ஒரு நல்ல மனசை எனக்குக் கொடுத்து, அதை லயம் முழுக்கக் காப்பாற்றியும் வைத்திருந்தார்கள்.

உங்கள் மனசை நான் நினைக்கவே இல்லை, ஒரு தம்ளர் தேத்தண்ணிக்கும் கொஞ்சம் சிரிப்புக்கும் ஆசைப்பட்டு வாயை மூடிக்கொண்டேன், உங்கள் மூத்த மகளின் படிப்பு அதில்தான் போனது என்று அவளிடம் சொல்ல வேண்டும். ஒரே வார்த்தையில்கூடச் சொல்லிவிடலாம். அறையில் எங்களைத் தவிர அந்தச் சிறுமி மட்டும்தான் இருந்தாள். மழையும் இல்லை. நான் என்ன சொன்னாலும் கேட்டிருக்கும்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் பதிவேட்டைத் திறந்து, பேனாவை எடுத்து, பிள்ளையின் பிறந்த தேதியைக் கேட்டேன்.